எதிரே நிற்பவன் முகம்

ஸ்டண்ட் காட்சியைத் தொகுப்பதுதான் எடிட்டருக்குப் பெரிய சவால் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அடி, உதை, உடையும் கண்ணாடி எல்லாம் துண்டு துண்டாகவே எடுக்கப்பட்டு வருகின்றன. கணக்கும் வேகமும் தெரிந்தவர் கோத்துவிடலாம். எங்கள் கையை உண்மையில் சோதிப்பது வாய்ச்சண்டைதான். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர்மேல் ஒருவர் விரல்கூடப் படாது. பேசுபவனைக் காட்டிக்கொண்டே இருந்தால் அது மேடைப் பேச்சாகிவிடும். அடிக்கடி மாற்றினால் சொல் தெறித்து ஓடிவிடும். எந்த இடத்தில் யார் முகம் திரையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியோடுதான் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில் 2002இல் வெளிவந்த ‘எய்ட் மைல்’ என்ற அமெரிக்கப் படம்.

கர்ட்டிஸ் ஹான்சன் இயக்கிய படம் அது. ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’ எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். திரைக்கதை ஸ்காட் சில்வர், ஒளிப்பதிவு ரோட்ரிகோ பிரியேட்டோ, படத்தொகுப்பு ஜே ராபினோவிட்ஸ், கிரெய்க் கிட்சன். நாயகன் எமினெம். அதுவரை நடிகராகப் பெரிதாக அறியப்படாத, ராப் பாடகராக உலகமே அறிந்திருந்த ஆள். படத்தின் பெரும்பகுதி அவருடைய இளமையிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆனாலும் அதை வாழ்க்கை வரலாறு என்று சொல்ல முடியாது. 1995ஆம் ஆண்டின் டெட்ராய்ட் நகரம். ராபிட் என்று அழைக்கப்படும் ஜிம்மி ஸ்மித் காருக்கான தகடுகளை அச்சுக்கொடுத்து வெட்டும் ஸ்டாம்பிங் ஆலையில் வேலை பார்க்கிறான். காதலியை விட்டுப் பிரிந்து, தாயும் சிறு தங்கையும் வசிக்கும் டிரெய்லர் வீட்டுக்குத் திரும்புகிறான். தாயோடு வாழும் ஆண் கிட்டத்தட்ட இவன் வயதுக்காரன். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. இந்த இடிபாடுகளுக்கு நடுவே அவனுக்கென்று இருக்கும் ஒரே சொத்து, காகிதத் துண்டுகளில் நுணுக்கி நுணுக்கி எழுதிவைக்கும் வரிகள்.

படத்தின் பெயர் ஒரு சாலையின் பெயர். டெட்ராய்ட் நகரின் வடக்கு எல்லை அது. தெற்கே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம், வடக்கே நீண்ட காலம் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த புறநகர்கள். அந்தச் சாலையை ஒட்டி, கறுப்பினத்தவர் குடியிருப்பையும் வெள்ளையருக்கான புதிய மனைகளையும் பிரிக்க 1941இல் எழுப்பப்பட்ட ஆறடிச் சுவர் இன்றும் நிற்கிறது. சுவர் இருந்தால்தான் அந்த மனைகளுக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் கிடைக்கும் என்பதற்காக மனை வணிகர் கட்டியது. 1950இல் ஏறத்தாழ பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த டெட்ராய்ட்டில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் ஒன்பதரை லட்சம் பேர். கார் ஆலைகள் மூடப்பட்டன அல்லது வெளியேறின. தெருத்தெருவாக வீடுகள் பாழடைந்தன. பிரியேட்டோவின் கேமரா அந்த நகரத்தை அழகுபடுத்தவில்லை. சாம்பல் நிற வானம், உறைந்த சேறு, பேருந்து ஜன்னலில் படிந்த அழுக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. இவ்வளவும் திரையில் தெரிந்த பிறகுதான் அந்த இளைஞனின் கோபம் நமக்கு நியாயமாகப் படுகிறது.

என் கதைக்கு வருகிறேன். வடபழனியில் ஒரு தொகுப்பறையில் உதவியாளனாகச் சேர்ந்த காலத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று, பண்டிகை நாட்களில் தொலைக்காட்சியில் போடும் பட்டிமன்றங்களைத் தொகுப்பது. பேச்சாளரைப் பார்க்க ஒரு கேமரா, நடுவரைப் பார்க்க ஒன்று, கூட்டத்தைப் பார்க்க ஒன்று. கூட்டத்தில் நன்றாகச் சிரிக்கும் நாலைந்து முகங்களைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, எங்கே நகைச்சுவை வந்தாலும் அவற்றை ஒட்டுவது அன்றைய வழக்கம். முன்வரிசையில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் அந்த நிகழ்ச்சி முழுக்க அவர் பத்து இடத்தில் சிரிப்பார்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசான் இதை அடியோடு வெறுத்தார். “அந்தம்மா எதுக்குச் சிரிச்சாங்களோ அதுக்குத்தான் அவங்க சிரிப்பு. வேற இடத்துல ஒட்டினா அது பொய் சாட்சி, தம்பி” என்பார். ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அதே நொடியில் கூட்டத்தில் என்ன நடந்தது என்று ரஷ்ஷில், அதாவது வெட்டாத முழுப் பதிவில், தேடச் சொல்வார். தேடினால் கிடைக்கும். ஒரு பெரியவர் சிரிக்காமல் தலையை மட்டும் அசைப்பார். எதிரணிப் பேச்சாளர் அவசரமாகக் காகிதத்தில் ஏதோ குறிப்பார். அந்தக் குறிப்பெடுக்கும் கை ஆயிரம் சிரிப்புக்குச் சமம். அடுத்து அவர் எழுந்து பதில் சொல்லப்போகிறார் என்ற எதிர்பார்ப்பை அந்த ஒரு ஷாட் கிளப்பிவிடும். சொற்போரில் அடி விழுந்ததா என்பதற்குச் சாட்சி அதைக் கேட்டவனின் முகம் என்பதை அந்த அறையில்தான் கற்றேன்.

‘எய்ட் மைல்’ படத்தை டிவிடியில் முதலில் பார்த்தபோது நாயகனைவிட நாயகனுக்கு எதிரே நிற்பவர்களையே நான் பார்த்தேன். படத்தின் மோதல்கள் நடப்பது பேட்டில் ராப்பில். அது மேடையில் இருவர் மாறி மாறிப் பாட்டால் ஒருவரை ஒருவர் வசைபாடி மடக்கும் கலை. இதன் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் ‘டசன்ஸ்’ என்ற வசை விளையாட்டில் இருக்கிறது. 1981இல் நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் கிளப்பில் கூல் மோ டீ, பிசி பீயை மேடையிலேயே வரிக்கு வரி மடக்கியது இந்தக் கலையின் திருப்புமுனை என்பார்கள். அதுவரை கூட்டத்தை யார் நன்றாகக் குதூகலப்படுத்துகிறார்கள் என்பதே போட்டியாக இருந்தது. அன்றிலிருந்து யார் சொல் கூர்மையானது என்பது போட்டியானது. டெட்ராய்ட்டில் 1990களில் மாரிஸ் மலோன் என்ற ஆடை வடிவமைப்பாளர் நடத்திய ‘ஹிப் ஹாப் ஷாப்’ என்ற துணிக்கடையில் வாராவாரம் இத்தகைய மோதல்கள் நடந்தன. அவற்றை நடத்திவைத்தவர் எமினெமின் நெருங்கிய நண்பர் புரூஃப். படத்தில் மெக்கை ஃபைஃபர் நடித்த, ராபிட்டின் நண்பன் ஃபியூச்சர் பாத்திரத்துக்கு மூலம் அவர்தான். அதே புரூஃப் படத்தின் தொடக்கத்தில் ராபிட்டை எதிர்த்து நிற்கும் லில் டிக் ஆகவும் வருகிறார்.

எடிட்டருக்கு இந்தக் கலையில் பிடிமானம் தருவது அதன் தாளக் கணக்கு. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 16 ஃபிரேம். நான்கு தட்டு சேர்ந்த ஒரு பாருக்கு 64 ஃபிரேம். 16 பார் பாடினால் ஏறத்தாழ 43 நொடி. படத்தில் முதல் சுற்றுகளில் ஆளுக்கு 45 நொடி தருகிறார்கள். இந்தக் கணக்கு அதற்குப் பொருந்திவருகிறது. பெரும்பாலும் ஒரு வரியில் பொறி வைத்து, அடுத்த வரியின் கடைசித் தட்டில் எதுகையோடு அடிப்பார்கள். கூட்டத்தின் ஆரவாரம் அதற்கடுத்த பாரின் முதல் தட்டில் எழும். புதிதாக வரும் எடிட்டர் தட்டுக்குத் தட்டு வெட்டத் துடிப்பார். அப்படி வெட்டினால் அது பாட்டு சீன் ஆகிவிடும். அடி விழும் தட்டுக்கு ஓரிரு தட்டு முன்பே கேட்பவன் முகத்துக்குப் போய்விட வேண்டும். பேசுபவனின் குரல் அந்த முகத்தின்மேல் ஓவர்லாப் ஆகி ஓட வேண்டும். சொல் வந்து தைக்கும்போது கண்ணோரம் நடப்பதை ரசிகர் நேரில் பார்க்க வேண்டும்.

படத்தின் முதல் காட்சியைப் பாருங்கள். கழிப்பறைக் கண்ணாடி முன் ஹெட்ஃபோனோடு ராபிட் ஒத்திகை பார்க்கிறான். காதில் ஓடுவது மாப் டீப் குழுவின் ‘ஷுக் ஒன்ஸ் பார்ட் 2’. பதற்றத்தில் வாந்தி எடுக்கிறான். பிறகு மேடை ஏறுகிறான். லில் டிக் பாடி முடித்து மைக் இவன் கைக்கு வருகிறது. வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கூட்டம் கேலியாகக் கத்தத் தொடங்குகிறது. இந்த இடத்தில் தொகுப்பாளர்கள் அவசரப்படவே இல்லை. நாயகன் தோற்கும் காட்சி இது, சட்டென்று கடந்துவிடலாம் என்று எந்தத் தயாரிப்பாளருக்கும் தோன்றும். அவர்களோ அந்த மௌனத்தை நாம் நெளியும்வரை நிறுத்திவைக்கிறார்கள். ராபிட்டின் முகம், கூட்டம், மறுபடி ராபிட்டின் முகம். ஒரு வரிகூடப் பாடாத நாயகனோடு படம் தொடங்குகிறது.

அதன் பிறகு நெடுநேரம் அவன் மேடையில் பாடுவதே இல்லை. எமினெமின் பாட்டைக் கேட்கத்தான் அன்று உலகம் முழுக்கக் கூட்டம் தியேட்டருக்கு வந்தது. அவரைப் பாடவிடாமல் படத்தின் பெரும்பகுதியைக் கடத்தும் துணிச்சல் ஹான்சனுக்கு இருந்தது. இடையிடையே சிறு சிறு துளிகள் மட்டும் கிடைக்கின்றன. பழுதான காரைச் சரிசெய்துகொண்டே நண்பனோடு கேலிப்பாட்டு, பேருந்தில் வாய்க்குள் முணுமுணுப்பு, ஆலையின் உணவு வண்டி அருகே ஒரு சிறு மோதல். அந்த மோதலில், தன்பாலின ஈர்ப்புள்ள சக தொழிலாளியை இழிவுபடுத்துபவனை ராபிட் சொல்லால் மடக்குகிறான். வசையே ஆயுதமான இந்தக் கலை எளியவர்களையும் பெண்களையும் காயப்படுத்தியே கைதட்டல் வாங்கும் வழக்கத்துக்கு எளிதில் போய்விடும். வலியவனை நோக்கித் திரும்பும்போதுதான் அதற்கு மரியாதை என்று அந்தச் சிறு காட்சி சொல்லிப் போகிறது. தொகுப்பு முறையில் அது இறுதிப் போட்டிக்கான ஒத்திகையும்கூட.

இந்த நடுப்பகுதியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ராபிட்டுக்கு அவமானம் தரும் ஒவ்வொன்றும் நம் கண்முன் ஒரு முழுக் காட்சியாக நடக்கிறது. டிரெய்லரில் தாயோடு இருப்பது, நண்பன் செடார் பாப் தன் துப்பாக்கியால் தன் காலிலேயே சுட்டுக்கொள்வது, நம்பிய நண்பன் விங்க், தான் விரும்பும் அலெக்ஸோடு இருப்பதைக் கண்ணால் பார்ப்பது, ‘ஃப்ரீ வேர்ல்ட்’ என்ற எதிர் ராப் கும்பல் வீட்டு வாசலுக்கே வந்து அவனை அடித்துப் போடுவது. எதுவும் அழுத்திச் சொல்லப்படவில்லை. பின்னணி இசை அழச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி நம் நினைவில் பதிகிறது.

இறுதியில் மூன்று மோதல்கள். லிக்கெட்டி ஸ்ப்ளிட், லாட்டோ, கடைசியாக ஃப்ரீ வேர்ல்டின் தலைவன் பாப்பா டாக். அந்தப் பாத்திரத்தில் அந்தோனி மேக்கி. அவருக்கு அதுதான் முதல் படம். பேட்டில் ராப்பில் இரண்டாவதாகப் பாடுபவனுக்கே அனுகூலம் அதிகம். எதிராளி சொன்னதைப் பிடித்துத் திருப்பி அடிக்கலாம். கடைசிச் சுற்றில் முதலில் பாட வேண்டியவன் ராபிட். பீட்டும் தொடக்கத்தில் கழிப்பறையில் கேட்ட அதே மாப் டீப் பீட்.

கூட்டத்தைக் கிளப்பி, எதிராளியைச் சில வரிகளில் சீண்டிவிட்டு அவன் திரும்புவது தன்மேல். தன்னைப் பற்றி எதிராளி சொல்லக்கூடிய அத்தனையையும் தானே சொல்லிவிடுகிறான். வெள்ளைக்காரன், டிரெய்லரில் வாழ்பவன், அடி வாங்கியவன், ஏமாற்றப்பட்டவன், காலில் சுட்டுக்கொண்டவனை நண்பனாக வைத்திருப்பவன். நாம் பார்த்த ஒவ்வொரு காட்சியும் அவன் வாயிலிருந்து வரிசையாக வருகிறது. பிறகுதான் பாப்பா டாக்கின்மேல் பாய்கிறான். தெருவின் முரடனாக வலம்வரும் அவன் உண்மையில் தனியார் பள்ளியில் படித்தவன், பெற்றோர் ஒன்றாக நல்லபடி வாழும் வீட்டுப் பிள்ளை, பெயர் கிளாரன்ஸ் என்பதைப் போட்டு உடைக்கிறான். கடைசியில் பீட்டையும் வேண்டாம் என்று உதறிவிட்டு வெறும் குரலில் முடிக்கிறான். மைக் பாப்பா டாக் கைக்குப் போகிறது. சொல்ல எதுவும் மிச்சமில்லை. படத்தின் முதல் மௌனம் ராபிட்டுடையது, கடைசி மௌனம் பாப்பா டாக்குடையது.

தொழில்காரனாக நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான். இங்கே ஒரு ஃபிளாஷ்பேக் துண்டுகூட இல்லை. செடார் பாப் பெயர் வரும்போது துப்பாக்கி வெடிக்கும் ஷாட் வரவில்லை. அடி வாங்கியதைச் சொல்லும்போது அந்த இரவு வரவில்லை. திரையில் இருப்பது மேடையும் கூட்டமும் எதிரே நிற்பவனின் முகமும் மட்டுமே. பாப்பா டாக்கின் முகம் முதலில் இறுக்கமாக இருக்கிறது. தன் கையில் இருந்த ஆயுதங்களை எதிராளியே ஒவ்வொன்றாகப் பறித்துப் போடுவது புரியப் புரிய, கண்ணில் இருந்த திமிர் இறங்குகிறது. மேக்கி ஏறத்தாழ எதுவுமே செய்வதில்லை. அந்த முகத்துக்குத் தேவையான ஃபிரேம்களைத் தொகுப்பாளர்கள் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஷாட்டுகளை நடுவில் செருகியிருந்தால் அந்த முகத்துக்கு இடம் இருந்திருக்காது.

இந்தப் பாடம் எனக்குச் சோறு போட்ட ஒரு சந்தர்ப்பம் உண்டு. வடசென்னையை மையமாக வைத்து ஒரு இளம் இயக்குநர் எடுத்த சிறு படம். கானா பாடும் இரண்டு இளைஞர்கள் ஒரு மேடையில் பாட்டாலேயே மோதும் காட்சி அதன் உச்சம். நாயகன் தன் அப்பாவின் குடியையும் தன் சிறைவாசத்தையும் தானே பாட்டில் சொல்லிவிடுவான். முதல் தொகுப்பைப் பார்த்த தயாரிப்பாளர், “சார், ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்த சீன் எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அந்த ஷாட்டை எல்லாம் பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டு நடுவுல விட்டுடுங்க” என்றார். “தியேட்டருக்கு வர்றவங்க நம்மளைவிட நல்லா ஞாபகம் வெச்சிருப்பாங்க சார். எதிர்ல நிக்கிற பையன் முகத்தைப் பாருங்க, எல்லாம் அதுல இருக்கு” என்றேன்.

அவர் ஒப்பவில்லை. இரண்டு விதமாகவும் தொகுத்தேன். நல்லவேளையாக அந்தக் காட்சியைப் படமாக்கும்போதே இயக்குநரிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்கியிருந்தேன். ஒவ்வொரு சரணத்துக்கும் கேட்பவனின் க்ளோசப்பைத் தனியாக, முழு நீளத்துக்கு, கேமராவை நிறுத்தாமல் எடுக்கச் சொல்லியிருந்தேன். தோளுக்கு மேலிருந்து எடுக்கும் சஜஷன் ஷாட்டுகள் மட்டும் போதாது, தோள் மறைத்துவிடும். பாடுபவர் கேமராவுக்குப் பின்னால் நின்று உண்மையிலேயே பாட வேண்டும், அப்போதுதான் கேட்பவன் முகம் கேட்கும் முகமாக இருக்கும். கூட்டத்தில் நின்ற ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளுக்கும் பாட்டு வரிகளை முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் முறை கேட்கும் முகங்களை ஒரு கேமரா பிடித்தது. ஆரவாரத்தைத் தனியே ஒலிப்பதிவு செய்துகொண்டோம், வரிகளைச் சத்தம் மூடிவிடக் கூடாதே என்று.

அலுவலகப் பையன், டிரைவர், டப்பிங்குக்கு வந்திருந்த சிலர் என்று கிடைத்தவர்களை உட்காரவைத்து இரண்டையும் போட்டுக் காட்டினோம். ஃபிளாஷ்பேக் இருந்த தொகுப்பில் அவர்கள் கதையைப் பார்த்தார்கள். இல்லாத தொகுப்பில் அடுத்து அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காதைத் தீட்டிக் கேட்டார்கள். தயாரிப்பாளரே திரும்பி, “ரெண்டாவதே இருக்கட்டும் சார்” என்றார்.

நடிப்பவர் நிஜமாகக் கேட்க வேண்டும் என்பதில் ஹான்சனுக்கும் அக்கறை இருந்தது. இறுதிக் காட்சிகளைப் படமாக்கிய நாட்களில், நூற்றுக்கணக்கான துணை நடிகர்களைச் சோர்வடையாமல் வைத்திருக்க அவர்களுக்குள்ளேயே ராப் போட்டி வைத்து, தேறியவர்களை எமினெமோடு மேடையில் மோதவிட்டார். குரலைக் காப்பாற்றிக்கொள்ள எமினெம் வெறுமனே வாயசைப்பதாகத்தான் ஏற்பாடு. எதிரே நின்றவர்கள் சீண்டியதும் அவரால் பொறுக்க முடியாமல் மைக்கில் உரக்கப் பதிலடி கொடுத்துவிட்டார். டிவிடியோடு வந்த துணைக் காட்சிகளில் இதைக் காணலாம். அந்தக் கூட்டத்தின் உற்சாகம் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது.

வெற்றிக்குப் பிறகு ராபிட் கொண்டாட நிற்பதில்லை. சேர்ந்து போட்டிகள் நடத்தலாம் என்ற நண்பனின் அழைப்பையும் ஏற்காமல், விட்டுவந்த வேலைக்கு ஆலைக்குத் திரும்புகிறான். அப்போதுதான் ‘லூஸ் யுவர்செல்ஃப்’ பாடல் முழுமையாக எழுகிறது. 2003இல் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பெற்ற முதல் ராப் பாடல் அது. விழாவுக்கு எமினெம் போகவில்லை. பாடலை உடன் எழுதிய லூயிஸ் ரெஸ்டோ வாங்கிக்கொண்டார். புரூஃப் 2006 ஏப்ரலில் அதே எய்ட் மைல் சாலையில் இருந்த ஒரு கிளப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு மீண்டுவிட முடியும் என்று அந்தப் படம் காட்டிய நகரத்தில் எல்லோராலும் மீள முடியவில்லை. ராபிட்டை ஆலைக்கே திருப்பி அனுப்பிய முடிவு எவ்வளவு நேர்மையானது என்பதை அந்த மரணச் செய்தியைப் படித்தபோது உணர்ந்தேன்.

தொகுப்பறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று உங்கள் கையில் இருக்கும் மென்பொருளில் ஒரு நொடியில் பத்து கட் போடலாம், எந்த ஷாட்டையும் எங்கேயும் செருகலாம். வாய்ச்சண்டைக் காட்சி ஒன்று உங்கள் டைம்லைனுக்கு வந்தால் பேசுபவனின் ஷாட்டுகளை முதலில் தொடாதீர்கள். கேட்பவனின் ரஷ் முழுவதையும் குரலோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு அந்த முகம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காட்சி அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. முன்பு காட்டியதை மறுபடி காட்டச் சொன்னால், யார் சொன்னாலும், ரசிகரின் நினைவாற்றலுக்காக வாதாடுங்கள். ரசிகரை நம்பாமல் தொகுத்த சொற்போர் எதுவும் இதுவரை நிலைத்ததில்லை.